வேலை எங்கே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பக்கம் நடந்தால் ஒரு கேள்வி காதில் விழாமல் இருக்காது. “அண்ணே, உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா?” ரேஸ் கோர்ஸ் சாலையோரத் திடலில் நண்பர்களுடன் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் கேட்பார். கேட்கப்பட்டவர் சற்று யோசிப்பார். பிறகு, தமக்குத் தெரிந்த மேற்பார்வையாளரின் எண்ணைக் கைப்பேசியில் தேடிக் கொடுப்பார்.

சிராங்கூன் சாலைக்கு இந்தக் கேள்வி புதிதன்று. அங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலத்திலும் தமிழர்கள் இப்படித்தான் வேலை தேடினார்கள். முன்னால் வந்தவர் தம் தம்பியை அழைத்தார். தம்பி ஊர்க்காரரை அழைத்தார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளும் சொந்த ஊருக்குச் சென்று, தெரிந்த குடும்பங்களிலிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தார்கள்.

தெரிந்தவர் மூலம் வரும் வேலையில் நம்பிக்கை உண்டு. ஆனால், தெரிந்தவர் யாரும் இல்லாதவர் எங்கே போவார்? முதலாளிக்கும் இதே சிக்கல்தான். அவருக்கு வேண்டிய திறன் படைத்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். இருவரையும் இணைக்க ஒரு பொதுவான ஆள் இல்லையென்றால் இருவரும் சந்திப்பதே இல்லை.

அந்தப் பொதுவான ஆளாக அரசாங்கமே இருக்கலாம் என்ற எண்ணம் பிரிட்டனில் 1910ஆம் ஆண்டில் செயல்வடிவம் பெற்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அங்குப் பொது வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. இந்தியாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கட்டத்தில், படையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக இவை தோன்றின. பள்ளிப்படிப்பை முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, அழைப்பு வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் கதைகள் தமிழ்நாட்டில் ஏராளம். பெயரைப் பதிவது மட்டும் போதாது என்பதை அந்தக் கதைகளே காட்டிவிடுகின்றன.

சிங்கப்பூர் இதைக் கடுமையான ஒரு சோதனையின்போது கற்றுக்கொண்டது. 1968ஆம் ஆண்டு ஜனவரியில், தன் படைகளை 1971ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரிலிருந்து மீட்டுக்கொள்ளப் போவதாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. அப்போது நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் வேலை செய்தார்கள். சாயம் பூசுபவர், இயந்திரம் பொருத்துபவர், கிடங்குக் காப்பாளர், எழுத்தர் எனப் பல வேலைகள். தளம் அவர்களுக்கு ஒரு தனி ஊராகவே இருந்தது. குடியிருப்பு அங்கேயே, கும்பிடும் கோவிலும் அங்கேயே. இன்று யீஷூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் தொடக்கமும் கடற்படைத் தள ஊழியர்களின் வழிபாடுதான்.

ஆகவே, வேலை போகிறது என்றால் சம்பளம் மட்டும் போகவில்லை. குடியிருந்த வீடும் கையைவிட்டுப் போகும் நிலை. பத்து இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தவர், வெளியே போய் “எனக்கு என்ன தெரியும்” என்று சொல்வார்? போர்க்கப்பலின் கொதிகலனைப் பழுதுபார்க்கத் தெரியும் என்றால், போர்க்கப்பலே இல்லாத ஊரில் அதனால் என்ன பயன்?

விடை செம்பவாங்கிலேயே இருந்தது. அங்கிருந்த கப்பல் பட்டறை 1968ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர் வசம் வந்தது. செம்பவாங் ஷிப்யார்ட் என்ற நிறுவனம் அதை ஏற்றது. ஸ்வான் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் நிர்வாகத்திற்கு உதவியது. 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையில் போர்க்கப்பல்களுக்குப் பதிலாகச் சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் வந்து நின்றன. கொதிகலன் கொதிகலன்தான். மாறியது வேகம். வணிகக் கப்பல் துறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் உரிமையாளருக்கு நட்டம். படைத்தளத்தின் நிதானத்திற்குப் பழகிய கைகள், நாள் குறித்து வேலையை முடிக்கப் பழக வேண்டியிருந்தது.

எல்லாரையும் பட்டறையே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தளங்களை வேறு பயன்பாட்டிற்கு மாற்றுவதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு தனித் துறை அமைக்கப்பட்டது. கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கென ஒரு துறையும் அதே 1968ஆம் ஆண்டில் உருவானது. வேலை இழந்தவர்களுக்குக் குறுகியகாலப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஜூரோங்கில் புதிதாக எழுந்த தொழிற்சாலைகளும் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தன. இருந்தும், குடியுரிமை இல்லாத பலர் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்வது அவர்களுக்கு நியாயம் ஆகாது.

அன்று நெருக்கடிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, பின்னர் நிலையான சேவையானது. ஊழியரணி மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பு 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் அதன் பணிகள் பிரிக்கப்பட்டன. திறன் பயிற்சியை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பும், வேலை தேடுவோரையும் நிறுவனங்களையும் இணைக்கும் பணியைச் சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பும் ஏற்றன. தொழிற்சங்கங்களின் பங்கும் இதில் உண்டு. என்டியுசி 2008ஆம் ஆண்டில் தொடங்கிய இ2ஐ நிலையம் ஜூரோங் ஈஸ்ட்டில் இயங்கும் கட்டடத்திற்குத் தேவன் நாயரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தொழிற்சங்கத் தலைவராக இருந்து நாட்டின் அதிபரானவர் அவர்.

வேலை தேடுபவர் வெகுதூரம் அலையக்கூடாது என்பதும் கவனிக்கப்பட்டது. கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில் 24 வீவக நகரங்களிலும் வேலை, திறன் நிலையங்கள் திறக்கப்பட்டன. சிறிய தீவில் இது தேவையா என்று சிலருக்குத் தோன்றலாம். வேலை இழந்தவருக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரிய தூரம். அதை வேலையில் இருப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இந்த நிலையங்களில் என்ன நடக்கிறது? ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 48. பூன் லேயில் வசிப்பவர். ஒரு கிடங்கில் 21 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். நிறுவனம் வேறு நாட்டிற்கு மாறியதால் ஆட்குறைப்புக்கு ஆளானார். முதல் மாதம் உறவினர்களிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

அவர் போன்ற குடிமக்களுக்கு 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. மாதம் சராசரியாக 5,000 வெள்ளி வரை சம்பாதித்து, தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்கள் ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி பெறலாம். முதல் மாதம் 1,500 வெள்ளி வரை கிடைக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். வேலைக்கு விண்ணப்பித்தல், பயிற்சிக்குச் செல்லுதல் போன்ற முயற்சிகளை மாதந்தோறும் காட்ட வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களின் பயிற்சிக் கட்டணத்திற்காக 2024ஆம் ஆண்டு முதல் 4,000 வெள்ளி கற்றல் தொகையும் உண்டு.

பணத்தைவிட முக்கியமானது வாழ்க்கைத்தொழில் ஆலோசகர் கேட்கும் கேள்வி. “என்ன வேலை பார்த்தீர்கள்?” என்றால் “கிடங்கில் இருந்தேன்” என்று பதில் முடிந்துவிடும். “அங்கே ஒரு நாள் முழுவதும் என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

நிறுவனங்களின் பக்கமும் பார்க்க வேண்டும். 48 வயதுக்காரரின் விண்ணப்பத்தைப் படிக்கும் மேலாளருக்குத் தயக்கம் இருக்கும். புதிய துறைக்கு இவர் பழகுவாரா? பழகும்வரை யார் சம்பளம் கொடுப்பது? வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டத்தின்கீழ், பயிற்சிக் காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. 40 வயதைத் தாண்டியவருக்கு அது 90 விழுக்காடு வரையிலும் போகலாம். தயக்கத்தின் விலையை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள் எனலாம்.

லிட்டில் இந்தியாவின் உணவகங்களுக்கு வேறொரு சிக்கல். தோசைக்கல் முன் பல மணி நேரம் நிற்க உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதிச்சீட்டில் வரவழைக்க 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வழி திறந்தது. எல்லாத் தேவையையும் பயிற்சி வகுப்பு ஒன்றே தீர்த்துவிடாது என்பதற்கு இது சான்று. மேலும், வேலை தேடுவோருக்கான இந்தச் சேவைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. திடலில் கேள்வி கேட்ட அந்த இளைஞர் வெளிநாட்டு ஊழியராக இருந்தால், அவருக்கு இன்னும் நண்பரின் கைப்பேசிதான் வழி.

பூன் லே மனிதருக்கு ஆலோசகர் ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். கிடங்கில் செய்தவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வர வேண்டும். அன்றிரவு அவர் சாப்பாட்டு மேசையில் தாளோடு உட்கார்ந்தார். மூன்று வரிகளுக்குமேல் பேனா நகரவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் எதிரே வந்து அமர்ந்தாள்.

“அப்பா, ராத்திரி லாரி வராம போனா என்ன செய்வீங்க?”

“டிரைவருக்கு ஃபோன் போடுவேன். எந்தச் சரக்கு அவசரமோ அதை வேற வண்டியில ஏத்தச் சொல்வேன். கடைக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவேன், இல்லன்னா காலையில கத்துவாங்க. அதெல்லாம் ஒரு வேலையாம்மா?”

அவள் பேனாவை வாங்கி, நான்காவது வரியை எழுதத் தொடங்கினாள்.