கல்லட்டி மலைப்பாதையில் கொதித்த மோட்டார்

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே உதகமண்டலத்துக்கு ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நமது பழைய மோட்டார் வண்டிக்கு அவை 36 பரீட்சைகள்! பாதி மலையில் உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஹீட்டரைத் திறந்தாலோ குளிர்ந்த காற்றே வீசியது. எஞ்சின் கொதிக்க ஹீட்டர் குளிர்ந்திருந்தால், பெரும்பாலும் தண்ணீர் குறைந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

சூட்டோடு மூடியைத் திருகினால் நீராவி முகத்தைப் பொசுக்கிவிடும். ஆகவே, நன்றாக ஆறவிட்டுப் பார்த்தோம். விசிறி வார் இறுக்கமாகவே இருந்தது; ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையந்தான் வெடித்திருந்தது. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும்; மூடி அழுத்தத்தைக் காத்தால்தான் கொதிநிலை உயரும்.

பழைய வண்டியில் மலையேறுவோர் புது மூடியொன்றும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு செல்வார்களாக! கீழே விரியும் சீகூர்ப் பீடபூமியைக் கவலையின்றிக் கண்டு மகிழலாம்.