தகர டப்பாவில் கிடந்த கல்லு



போன வாரம் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு தகர டப்பா கிடைச்சுது. உள்ள பொடிப்பொடியா வெள்ளைக் கல்லு. எல்லாம் என் சம்சாரம் பட்டை தீட்டினது. ஓரம் லேசா உடைஞ்சிருக்குன்னு ஏஜெண்டு தள்ளிவிட்டது.

திருச்சியைச் சுத்தின கிராமங்கள்ல ஒருகாலத்துல வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். செயற்கைக் கல்லை அரக்கு வெச்சு குச்சியில ஒட்டி, சுத்துற சாணையில முகம் முகமாத் தேய்க்கணும். முழுசாத் தீட்டின வட்டக் கல்லுக்கு 57 முகம். மழை பொய்ச்ச வருஷங்கள்ல எங்க அடுப்பு எரிஞ்சது இந்தச் சாணையாலதான். பிறகு சீனாவுல மிஷின்ல தீட்டின கல்லு மலிவா வந்துச்சு, கூலி கட்டுப்படியாகல.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வருது. அவளுக்குன்னு வெச்சிருந்த தோடு உரத்துக்காக அடகுல கிடக்கு. எனக்குத் தூக்கமே இல்ல.

"இந்தக் கல்லு போதும்ப்பா"ன்னு அவளே மலைக்கோட்டைக் கடைவீதியில கல்லு வெக்காத தோடு வாங்கிட்டு வந்தா. காதுக்கு ஏழு கல்லு. பல்குச்சி முனையில பசை தொட்டு, இடுக்கியால கல்லை இறக்கினா.

"அடியில பசை பரவுனா ஒளி செத்துரும். குழி ஓரத்துல மட்டும் வை. உடைஞ்ச பக்கத்தைக் கொக்கிக்குள்ள விடு"ன்னு அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்தா.

ஒரு நாள் காயவிட்டு, போட்டுக்கிட்டு ஸ்ரீரங்கம் போனோம். ரெங்கவிலாச மண்டபத்து வெயில்ல அது மின்னுன மின்னு!

ஆயிரக்கணக்கா தீட்டினவ, ஒரு கல்லைக்கூட தன் காதுல போட்டதில்லன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

பஸ்ல வரும்போது மகள்கிட்ட மெதுவாக் கேட்டா: "டப்பாவுல இன்னும் பதினாலு கல்லு தேறுமாடி?"