கருமருந்தும் கிளார்க்கின் விளக்கவுரையும்



போதகர் வீட்டில் துப்பாக்கியா என்று உங்களில் சிலர் என் மனைவியிடம் கேட்டதாக அறிந்தேன். கேள்வி நியாயமானதே. அதை முதலில் கேட்டவன் நான்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, சேமித்த பணத்தில் ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கியை வாங்கி வந்தபோது, அதை நம் வாசற்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வீட்டு முதியவரின் பட்டறையில் அதை வைத்தான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திக்கொண்டான்.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அவனாகவே வந்து, “அப்பா, ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் திட்டுங்க” என்றான். நான் போனேன்.

அவன் ஈடுபட்டிருப்பது மலைமனிதர் என்று இந்நாட்டில் அழைக்கப்படுவோரின் வாழ்முறையைப் பயில்வதில். பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மென்மயிரிலிருந்து அக்காலத்துக் கனவான்களின் தொப்பிகள் செய்யப்பட்டன. அதற்காகப் பொறி வைத்துப் பிடிப்போர் ராக்கி மலைகளுக்குள் சென்றனர். 1825 முதல் 1840 வரை கோடைதோறும் ஓரிடத்தில் கூடித் தோல்களை விற்று, மருந்தும் ஈயமும் காப்பியும் வாங்கினர். ராந்தேவூ என்பது அக்கூட்டத்தின் பெயர். பின்னர் பட்டுத் தொப்பி வந்தது, பீவரும் அருகிப்போனது, தொழில் முடிந்தது. இன்று அதே பெயரில் கூடும் முகாம்களில் 1840-க்குப் பிற்பட்ட பொருள் எதுவும் கண்ணில் படலாகாது என்பது பொதுவான விதி. குளிர்பெட்டியைக் கம்பளியால் போர்த்தி மறைப்பார்களாம்! இதைக் கேட்டபோது, திடீரென்று போதகர் வருவதைக் கண்டு தொலைக்காட்சிமேல் துணியைப் போடும் சில வீடுகள் என் நினைவுக்கு வந்தன.

தொடங்குகிறவர் செய்யும் முதற்பிழை எல்லாவற்றையும் ஒரேநாளில் வாங்குவது என்றார் முதியவர். என் மகனும் திரைப்படத்தில் வருவதுபோல் குஞ்சம் தொங்கும் தோலாடையும் மயிர்த் தொப்பியும் வாங்கியிருந்தான். அவற்றைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு லினன் சட்டையைத் தைக்கவும் கம்பளிக் காற்சட்டை ஒன்றைத் தேடவும் அவர் கற்பித்தார். தோல் நனைந்தால் கனக்கும், தொய்யும், உலர நெடுநேரம் ஆகும்; கம்பளி ஈரத்திலும் சூடு தரும். பிறகு தோளில் தொங்கும் தோற்பை. அதற்குள் மருந்தளக்கும் சிறு அளவை, ஈயக் குண்டுகள், கொழுப்புத் தடவிய துணித் துண்டுகள், மாற்றுச் சிக்கிமுக்கிக் கல், துளை குத்தும் ஊசி. பக்கத்தில் மாட்டுக் கொம்பைச் சுரண்டிச் செய்த மருந்துக் கொம்பு. இவ்வளவே போதும். துப்பாக்கியையும் முதலில் இரவலாகச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கவேண்டும் என்பது அவர் கருத்து. மலைமனிதர் எல்லாரும் செயின்ட் லூயிஸ் நகரத்து ஹாக்கன் சகோதரர்களின் துப்பாக்கியையே ஏந்தினர் என்பது பிற்காலத்து எண்ணம். 1820-களில் பலர் கையில் இருந்தது பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் செய்த நீண்ட சிக்கிமுக்கித் துப்பாக்கியே.

காதடைப்பானும் கண்ணாடியும் அக்காலத்தவை அல்ல. ஆயினும் அவையின்றி ஒருவரும் சுடும் இடத்தில் நிற்க முதியவர் விடுவதில்லை. பழைமை விதி அந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது.

வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. சிவகாசியில் கருமருந்து என்பார்களே, அதே கலவைதான். இக்காலத் துப்பாக்கிகளுக்குரிய புகையற்ற மருந்தை இதில் ஒருபோதும் இடலாகாது. குழல் வெடித்துச் சிதறும். கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டுவதும் கூடாது. உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். அளவையில் ஊற்றி, அளவையிலிருந்து குழலுக்குள் ஊற்றவேண்டும். அரை அங்குல வாயுள்ள அவனுடைய துப்பாக்கிக்குத் தொடக்கத்தில் 50 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ மூன்றேகால் கிராம். அதன்மேல் துணித் துண்டு, துணியின்மேல் குண்டு. நீண்ட மரக்கோலால் அழுத்தி, மருந்தின்மேல் இடைவெளியின்றிப் படியும்வரை இறக்கவேண்டும். குண்டு பாதியில் நின்றால் குழல் பிளக்கக்கூடும். என் மகன் தன் கோலில் இரண்டு கோடுகள் கீறியிருந்தான்: ஒன்று வெறுங்குழலுக்கு, மற்றொன்று சரியாக இட்ட குழலுக்கு. கடைசியாக வெளியே உள்ள சிறு கிண்ணியில் நுண்மருந்து ஒரு சிட்டிகை. விசையை இழுத்தால் கல் எஃகில் உரசும். பொறி கிண்ணியில் விழும். அந்தத் தீ துளை வழியாக உள்ளே செல்லும்.

“மருந்து போடும்போது பேசாதீங்க அப்பா” என்றான் மகன்.

நான் பேசினேன். முப்பது ஆண்டுகளாகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவன் வேறென்ன செய்வான்? இந்த மலைமனிதரைப் பெரிதாக எண்ணுகிறாயே, இவர்கள் நுழைந்த நிலம் யாருடையது, 1837-இல் மிசௌரி ஆற்றில் ஏறிவந்த வணிகக் கப்பலோடு வந்த பெரியம்மையில் மாண்டான் மக்கள் ஏறக்குறைய அழிந்தே போனார்களே, அது தெரியுமா என்று கேட்டுக்கொண்டே குண்டை இறக்கினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோலைப் பார்த்தான்.

“கோடு உள்ள போயிடுச்சுப்பா. மருந்து போடல நீங்க.”

மருந்தின்றிக் குண்டு மட்டும் குழலின் அடியில் கிடந்தது. இது எல்லாருக்கும் நேர்வதுதான் என்றார் முதியவர். மகன் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. நான் கையில் வைத்திருந்ததை மெல்ல வாங்கிக்கொண்டான். பக்கத்துத் துளை வழியாக நுண்மருந்தைச் சில துகள்களாக ஊசியால் உள்ளே நகர்த்தினான். கோலை மறுபடி வைத்துக் குண்டை அழுத்தினான். கிண்ணியில் மருந்திட்டு, மண்மேட்டை நோக்கிச் சுட்டான். இருமல்போன்ற ஒலியோடு குண்டு வெளியேறியது. பிறகு குழலைத் துடைத்து என்னிடம் திருப்பித் தந்து, “மாண்டான் பத்தித் தெரியும்பா. அதைப் படிக்காம இதை எடுக்கக்கூடாதுன்னு இவர்தான் முதல்லயே சொன்னார்” என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. இம்முறை பேசாமல் மருந்தை அளந்தேன். கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் கிண்ணி பற்றி எரியும்போது தலை தானாகப் பின்வாங்குகிறது. தீ தெரிந்த பிறகும், உள்ளே வெடிக்கும்வரை, அசையாமல் குறியில் நிற்கவேண்டும். வெடிக்காவிட்டால் குழலை இலக்கைநோக்கியே ஒரு நிமிடம் பிடித்திருக்கவேண்டும். என் முதற்குண்டு எங்கே போயிற்றென்று இன்றுவரை எவரும் அறியார். நான்காவது குண்டு காகிதத்தின் ஓரத்தைக் கிழித்தது. அதைக் கண்டு நான் மகிழ்ந்ததை மறைக்கப்போவதில்லை.

சுட்ட அன்றே கழுவவேண்டும். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து, குழலைத் துருவேற்றிவிடும். துப்பாக்கி முதன்முறையாக நம் வாசற்படிக்குள் வந்தது அன்று மாலைதான். சமையலறையில் வெந்நீரும் சோப்பும் ஊற்ற ஊற்றக் கரிய நீர் வந்தது. அழுகிய முட்டையின் நாற்றம். “என் பாத்திரத்தைத் தொட்டீங்கன்னா இரண்டு பேரும் வெளியிலதான் படுக்கணும்” என்று என் மனைவி அறிவித்தாள். இரண்டு பேரும் என்ற சொல் எனக்கு இனித்தது. குழலை உலர்த்தி எண்ணெய் தடவும்வரை ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் அவன் தன் படிப்பைப் பற்றியும் சொன்னான். அதை இங்கே எழுதுவது முறையாகாது.

படுக்கப்போகுமுன் ஒரு புத்தகத்தைக் கொடுத்தான். ஆஸ்பார்ன் ரஸ்ஸல் என்னும் பொறிவேட்டைக்காரர் எழுதிய நாட்குறிப்பு. அதில் குளிர்காலத்தைக் கழிக்கத் தம்மிடம் இருந்த நூல்களை அவர் குறித்திருக்கிறார்: பைரன், ஷேக்ஸ்பியர், ஸ்காட், வேதாகமம், அதற்குரிய கிளார்க்கின் விளக்கவுரை. நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆடம் கிளார்க்! இறையியல் கல்லூரி நாட்களில் பழைய புத்தகக் கடையில் அரைப் பட்டினியோடு நான் வாங்கிய அதே விளக்கவுரை. உறைபனியில், பீவர் கொழுப்பு மணக்கும் கைகளால், ஒருவர் அதன் தாள்களைப் புரட்டியிருக்கிறார்.

காலையில் இதைச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளாக என் படிப்பறைக்குள் கால் வைக்காதவன் உள்ளே வந்து, “எங்க, காட்டுங்க” என்றான். முதுகு கிழிந்த முதற்பகுதியை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே சிறிது நேரம் புரட்டினான். பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

“திருப்பிக் கொண்டுவந்து வச்சிடணும், தம்பி.”

“சனிக்கிழமை வருவீங்கல்ல? அங்க தரேன்.”