ஓய்வும் இயக்கமும்

தள்ளுவாரற்ற வண்டி சிறிது தூரம் உருண்டு நின்றுவிடும். இதனைக் காணாதார் இல்லை. ஓய்வே பொருள்களின் இயல்பு, இயக்கம் நிகழ இயக்குவோன் வேண்டும் என்று அரிஸ்டோட்டில் கொண்டது இத்தகைய காட்சியின் அடிப்படையிலேயே. அக்கருத்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்ததில் வியப்பில்லை. வில்லை விட்டு நீங்கிய அம்பு மட்டும் அதற்கு உறுத்தலாக இருந்தது. நாணின் தொடர்பு அற்ற பின்னரும் அது பறப்பதேன்? சூழ்ந்துள்ள காற்றே தள்ளிச் செல்கின்றது என விடை கூறப்பட்டது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் இதனை மறுத்தார். அவ்வாறாயின் வில் எதற்கு, அம்பின் பின்னுள்ள காற்றை அசைத்தாற் போதுமே என்பது அவர் வாதம்.

கலிலியோ வினாவையே திருப்பினார். ஓடும் குண்டு ஏன் நிற்கின்றது? ஒரு சாய்தளத்தில் இறங்கிய குண்டு எதிரேயுள்ள சாய்தளத்தில் ஏறத்தாழ அதேயுயரத்திற்கு ஏறும். எதிர்த்தளத்தின் சரிவைக் குறைத்தால் அவ்வுயரத்தை எட்ட நெடுந்தூரம் ஓடும். சரிவே இல்லையெனின் அவ்வுயரத்தை அது என்றும் எட்டாது, நிற்கவும் காரணமில்லை. உண்மையில் நிறுத்துவது உராய்வு. உராய்வே அற்ற தளம் எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. கண்ட தளத்தை விட்டுக் காணாத தளத்தை எண்ணத் துணிந்தமையே இங்கு நிகழ்ந்த புரட்சி எனலாம். 1633இல் ரோமாபுரியில் திருச்சபையின் விசாரணை மன்றத்தால் தண்டிக்கப்பட்டு, வீட்டுக்காவலில் இருந்தபோதே இயக்கம் பற்றிய தம் நூலை அவர் எழுதி முடித்தார். 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அது அச்சேறியது. மூவர் உரையாடும் பாங்கில் அமைந்த அந்நூலைக் கலைப்பீட மாணவரும் சுவைத்துப் படிக்கலாம்.

1687இல் நியூற்றன் வகுத்த முதலாம் விதியில் ஓய்வும், நேர்கோட்டில் மாறா வேகத்துடன் செல்லும் இயக்கமும் ஒரே தகுதி பெற்றன. விசை வேண்டுவது இயக்கத்திற்கன்று, இயக்கம் மாறுவதற்கே. பரீட்சைக்குப் படிப்போர் இவ்விதியை இலகுவானதென ஒருவரியில் மனனஞ் செய்துவிட்டு, கணக்கிற்கு உதவும் இரண்டாம் விதிக்கு விரைவர். மனிதகுலம் கற்க அதிக காலம் எடுத்தது அவ்வொரு வரியையே.

இரண்டாம் விதி அம்மாற்றத்தை அளவிடுகின்றது: ஒரே விசைக்குத் திணிவு இருமடங்காயின் ஆர்முடுகல் பாதியாகும். மூன்றாம் விதியோ மயக்கந் தருவது. கயிற்றால் கல்லை இழுக்கும் குதிரையைக் கல்லும் அதேயளவிற் பின்னிழுக்கின்றது என்பது நியூற்றனே காட்டிய உதாரணம். பின் கல் நகர்வதெவ்வாறு? அவ்விரு விசைகளும் ஒரே பொருளைத் தாக்குவனவல்ல. கல்லை நகர்த்துவது கயிற்றின் இழுவை. குதிரையை முன்செலுத்துவது அதன் குளம்புகள் பின்னுதைத்த நிலத்தின் மறுதாக்கம். உருளும் குண்டை நிறுத்திய அதே உராய்வு நிலத்தில் இல்லையெனின், குதிரை வழுக்கி வீழுமேயன்றி ஓரடியும் முன்செல்லாது.