ரூ ரீ ஒயிலும் சேர்த்து வைத்த பெற்றோலும்

மின்சாரக் கட்டணம் கழுத்தைப் பிடித்த 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு, தென் நோர்வேயில் இருக்கிற எங்கள் குடும்பங்களில் பல விறகடுப்புக்குத் திரும்பிவிட்டன. மீன் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்யும் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு செயின்சோ வாங்கினோம். காட்டுச் சொந்தக்காரருக்குக் காசைக் கட்டிவிட்டு, அவர் காட்டுகிற பேர்ச் மரங்களைப் பனி உருகமுன் அரிந்து, பிளந்து, கோடை முழுக்க அடுக்கிக் காயவிட்டால் அடுத்த குளிருக்கு வீடு சூடாக இருக்கும். தலைக்கவசம், காலைக் காக்கும் காற்சட்டை, மரம் விழும் திசை பற்றியெல்லாம் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். ஒயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஏதாவது ரூ ரீ ஒயிலை ஊத்துங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த "ஏதாவது" எங்கள் ஆட்களிடம் பல மெசின்களைத் தின்றிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். ஆனாலும் இது விளங்காத விஷயமல்ல. கார் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்க ஒரு தொட்டி இருக்கிறது. செயின்சோவின் ரூ ஸ்ரோக் எஞ்சினுக்கு அது கிடையாது. பெற்றோலோடு கலந்து உள்ளே போகிற ஒயில்தான் பெயரிங்குக்கும் பிஸ்ரனுக்கும் வழுவழுப்பைக் கொடுத்துவிட்டு, கடைசியில் தானும் எரிந்து போகிறது. ஒவ்வொரு துளி பெற்றோலும் தன் பங்கு ஒயிலைச் சுமந்துகொண்டு வரவேண்டும். வராவிட்டால், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற அந்தச் சின்னப் பிஸ்ரன் சிலிண்டரோடு உரசிக் கோடு கோடாகக் கிழிபட்டுவிடும். பிறகு கடைக்காரர் சொல்லும் திருத்தக்கூலியைக் கேட்டால் புதுசு வாங்கலாம் போலிருக்கும்.

கடற்கரை ஊர்க்காரர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முல்லைத்தீவிலும் வடமராட்சியிலும் வெளியிணைப்பு எஞ்சினோடு வளர்ந்தவர்களுக்கு ரூ ரீ ஒயிலின் மணம் தாய்ப்பால் மாதிரி. இந்த நாட்டிலும் துறைமுகத்துக் கடைகளில் படகு ஒயில் மலிவாகக் கிடைக்கிறது. "கடலிலை ஓடின சாமான் காட்டிலை ஓடாதோ?" என்று கேட்பார்கள். ஓடும். கன காலம் ஓடாது. படகு எஞ்சின் தண்ணீரால் குளிர்கிறது, சுற்றும் ஐயாயிரம் அளவில்தான். செயின்சோ காற்றால் மட்டுமே குளிர்வதால் சூடு மிக அதிகம். படகு ஒயில் போத்தலில் ரீ.சி.டபிள்யூ.3 என்று போட்டிருக்கும். அந்த எழுத்தைக் கண்டால் படகுக்கே விட்டுவிடுங்கள். செயின்சோவுக்கு ஜாசோ எப்.டி அல்லது ஐ.எஸ்.ஓ எல்.ஈ.ஜி.டி என்று எழுதிய ஒயில் நல்லது. எப்.சி என்று இருந்தாலும் குறையில்லை. அதற்குக் கீழே எப்.பி. அதற்காகச் சில குரோணர் மிச்சம் பிடிப்பதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. மெசினோடு வந்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் முதல் வாக்கு. சங்கிலிக்கு ஊற்றுகிற ஒயில் முற்றிலும் வேறு. மெசினில் மூடி இரண்டு இருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள்.

அளவு இன்றைய மெசின்கள் பெரும்பாலானவற்றுக்கு 50க்கு 1. அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், ஐந்து லீற்றருக்கு 100. சில பழைய மெசின்களுக்கு 25க்கு 1 என்று புத்தகம் சொல்லும், அப்போது லீற்றருக்கு 40. கண்மட்டம் வேண்டாம், அளவுக் குவளை பத்துக் குரோணர் கொடுத்தாலும் வாங்கலாம். "கூட விட்டால் மெசினுக்கு நல்லதுதானே" என்று எண்ணுகிறவர்கள் உண்டு. ஒயில் கூடினால் புகை கூடும், பிளக் கரிபிடிக்கும். அதைவிட ஒன்று இருக்கிறது. கார்பரேற்றரின் துவாரம் அதே துவாரம்தான். அதனால் போகிற ஒயில் கூடினால் பெற்றோல் குறைகிறது. காற்றுக்கேற்ற பெற்றோல் இல்லாமல் எஞ்சின் இன்னும் சூடேறும்.

இனி சேமிப்பு. உண்மையில் இதற்காகத்தான் பேனா எடுத்தோம்.

எங்களோடு வேலை செய்து இளைப்பாறிய ஒரு அண்ணை, அறுபதைத் தாண்டியவர், முன்பு தொழிலுக்குப் போனவர், போன மாரியில் தன் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். இழுத்தால் கயிறே அசையவில்லை. திறந்து பார்த்தோம். பிஸ்ரன் முழுக்கக் கோடு. எந்தப் பெற்றோல் ஊற்றினீர்கள் என்று கேட்டோம். முன்னைய வருடம் கலந்து வைத்த ஐந்து லீற்றர்க் கானில் மிச்சம் இருந்ததாம். கான் எங்கே இருந்தது? வாசலில், பேரப்பிள்ளைகளின் சப்பாத்துத் தட்டுக்குக் கீழே.

"அண்ணை, அதை இனிப் பாவிக்காதேங்கோ. மிச்சத்தைக் குப்பை நிலையத்திலை குடுத்திடுவம்" என்றோம்.

"தம்பி, என்ன கதைக்கிறியள்? ஒரு போத்தல் பெற்றோலுக்கு நான் என்ன விலை குடுத்தனான் எண்டு தெரியுமோ?"

தெரியும். எங்களில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். தடைக்காலத்தில் நாலு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எங்கள் தகப்பன்மார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியபோது நாங்களே அதைச் செய்தோம். பெற்றோல் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்த வீடுகள் எத்தனை. எரிபொருளை ஊற்றி விடுவது பாவம் என்று உடம்பே பழகிவிட்டது. அண்ணையைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் கலந்த பெற்றோல் வைக்க வைக்கப் பழுதாகிற பொருள். முதலில் லேசான பகுதி ஆவியாகிப் போகும், மெசின் எழும்ப மறுக்கும். பிறகு பிசின் மாதிரிப் படிந்து கார்பரேற்றரை அடைக்கும். ஈ10 என்று எழுதிய பம்பிலிருந்து வருகிற பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் இருக்கலாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடினால் எதனோலும் தண்ணீரும் பிரிந்து கீழே இறங்கும். ஒயில் மேலே பெற்றோலோடு நின்றுவிடும். மெசின் உறிஞ்சுவது அடியிலிருந்து. அண்ணையின் மெசினுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

எங்கள் நாலு குடும்பத்துக்கும் இப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்றைக்குத் தேவையானதை, கூடினால் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலப்பது. பாதிப் பெற்றோலோடு ஒயிலை விட்டுக் குலுக்கி, மிச்சப் பெற்றோலைச் சேர்த்து மறுபடி குலுக்குவது. கலந்த திகதியைக் கானில் ஒட்டுவது. திறக்காத ஒயில் போத்தல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே சேர்த்து வைக்கும் ஆசை தீராதவர்கள் ஒயிலைச் சேருங்கள், பெற்றோலை விடுங்கள். இடையிடையே மட்டும் மெசின் எடுப்பவர்களுக்கு அல்கிலேற் பெற்றோல் இருக்கிறது, அஸ்பென் என்ற பெயரில் ஒயில் கலந்தும் வரும். பம்புப் பெற்றோலைவிட விலை அதிகம். ஆனால் எதனோல் இல்லை, வருடக்கணக்கில் கெடாது, மூக்கில் ஏறும் புகையும் குறைவு.

கான் எரிபொருளுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். கோலாப் போத்தல் கூடவே கூடாது, பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப்போகும். ஆகவே வாசலிலும் நிலவறையிலும் வேண்டாம், வெளிக் கொட்டிலில் வெயில் படாமல் வையுங்கள். பம்பில் நிரப்பும்போது கானைக் காருக்குள் வைத்தபடி நிரப்பாமல் நிலத்தில் இறக்கி நிரப்புங்கள்.

அண்ணையின் கானை நாங்களே நகரசபைக் குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அபாயக் கழிவுக்கென்று அங்கே தனி இடம் இருக்கிறது. அண்ணை காரைவிட்டு இறங்கவில்லை. வெறுங்கான் திரும்பி வந்ததும் வாங்கி, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "இனி எவ்வளவு கலக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். ஒரு லீற்றர், இருபது மில்லி என்று கானின் பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்.