பட்டியலில் இல்லாத பாலிசி

குரூப் பாலிசி தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. விண்டோஸ் நெட்வொர்க்கில் எல்லாக் கணினிகளுக்கும் சர்வரிலிருந்தே போடும் சட்டம் அது. ஒவ்வொரு பாலிசிக்கும் இரண்டு பாதி. ஒன்று ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருக்கும். மற்றது சிஸ்வால் ஃபோல்டரில் ஃபைல்களாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே நீளமான அடையாள எண்தான் பெயர்.

போன செமஸ்டர் எங்கள் லேபில் எந்தக் கணினியிலும் பென் டிரைவ் திறக்கவில்லை. புராஜெக்ட் கொடுக்க நான்கே நாள்! லேப் சார் பாலிசி கன்சோலைத் திறந்து பார்த்தார். பென் டிரைவைத் தடுக்கும் பாலிசி எதுவும் பட்டியலில் இல்லை. "வைரஸா இருக்கும், எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்.

"ஒரே ஒரு தடவை ஜிபிரிசல்ட் போட்டுப் பார்த்துடலாம் சார்" என்றேன். அந்தக் கட்டளை, கணினிக்கு உண்மையில் வந்து சேர்ந்த பாலிசிகளைக் காட்டும். அதில் கன்சோலில் இல்லாத ஒரு பெயர்!

முன்பு வேலை பார்த்த அட்மின், அந்தப் பாலிசியைப் படிக்கும் உரிமையை மற்ற அட்மின்களுக்கு மறுத்து வைத்திருந்தார். கணினிகளுக்கு மட்டும் உரிமை இருந்தது. ஃபார்மட் பண்ணியிருந்தாலும், டொமைனில் சேர்த்ததும் தடை திரும்ப வந்திருக்கும்.

சார் ஏடிஎஸ்ஐ எடிட்டில் போய் உரிமையாளரை மாற்றி, படிக்கும் உரிமையைத் திரும்பக் கொடுத்தார். அப்புறம் பேக்கப் எடுத்தார். அதற்குப் பிறகுதான் லிங்க்கை நீக்கினார். படிக்க முடியாத பாலிசியை பேக்கப்கூட எடுக்க முடியாது, அதனால் இந்த வரிசை முக்கியம். கணினிகளை ரீஸ்டார்ட் செய்ததும் பென் டிரைவ் திறந்தது.

உடைந்த பாலிசி வேறு ரகம். டைரக்டரி பாதி இருந்து ஃபோல்டர் இல்லையென்றால், கணினியின் ஈவென்ட் லாகில் 1058 என்ற எண்ணில் பிழை வரும். ஃபோல்டர் மட்டும் இருந்தால் அது அனாதை, எந்தக் கணினியையும் தொடாது. இரண்டும் இருந்தால் வெர்ஷன் எண்ணை ஒப்பிடுங்கள். 131077 என்று பார்த்து மிரள வேண்டாம். 65536-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 5. அதாவது யூசர் பகுதியின் வெர்ஷன் 2, கணினிப் பகுதியின் வெர்ஷன் 5. இரண்டு இடத்திலும் எண் வேறாகவே இருந்தால், சர்வர்களுக்கு இடையே நகல் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2016 ஜூனில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, யூசர் பாலிசியையும் கணினியின் பெயரில்தான் விண்டோஸ் படிக்கிறது. கணினிக்குப் படிக்கும் உரிமை இல்லையென்றால் அந்தப் பாலிசி வேலை செய்யாது.

ஆகவே நண்பர்களே, எதையும் அழிக்கும் முன் இரண்டு பாதியையும் பாருங்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் பாஸ்வேர்டு மட்டும் வாங்கினால் போதாது, பாலிசி உரிமைகளையும் கேட்டு வாங்குங்கள்.