ஒரு குமிழ் ஓர் அடி

யூலாந்தில் இருக்கும் எங்களுக்கு விருந்தாளிகள் வருவது கோடையில்தான். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறவர்களுக்குக் காட்ட இங்கே மலையும் இல்லை, மாநகரமும் இல்லை. ஆகவே பயணம் எப்போதும் ஒன்றுதான். காலையில் பிராண்டே அபிராமி அம்மன் கோவில். பின்னேரம் பில்லுண்ட். அம்மனைக் கும்பிட்டுப் பிரசாதம் சாப்பிட்ட கையோடு லெகோ பார்க்கப் போவதில் எவருக்கும் முரண்பாடு தெரிந்ததில்லை.

பில்லுண்டில் 1968 முதல் லெகோலாந்து இருக்கிறது. 2017ல் அதே ஊர் நடுவே இன்னொன்று திறந்தார்கள். பெரிய வெள்ளைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்தாற்போல ஒரு வீடு. அதன் நடுவே 15 மீற்றருக்கு மேல் உயரமான ஒரு மரம், 63 இலட்சத்துக்கும் கூடிய கட்டைகளால் ஆனது. விருந்தாளிகள் அதனடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் அவர்களை மேல்மாடிக்கு அழைத்துப் போவோம். அங்கேதான் கம்பனிச் சம்பளம் வாங்காதவர்களின் வேலை இருக்கிறது. பல நாடுகளிலும் சமையலறை மேசையிலும் நிலக்கீழ் அறையிலும் இருந்து, வேலை முடிந்து வந்த இரவுகளில், தங்கள் பாட்டில் கட்டியவர்களின் ஆக்கங்கள். விசிறிகள் என்று இவர்களைச் சொல்கிறார்கள். சினிமா விசிறிகளைக் கண்டு பழகிய எங்களுக்கு அந்தச் சொல் ஆரம்பத்தில் ஒட்டவில்லை. கைதட்டுகிற விசிறி வேறு, கட்டுகிற விசிறி வேறு.

எங்கள் மகனும் அப்படியான ஒருவன். பகலில் மின்சார வேலை. இரவில் கட்டை. "முப்பத்தைஞ்சு வயசிலயும் விளையாட்டுச் சாமானோ தம்பி?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுடையதாகிவிடும்.

இந்தக் கட்டைகளின் சொந்தக்காரரான ஒலே கிர்க் கிறிஸ்ரியன்சன் ஒரு தச்சர். 1924ல் அவருடைய பிள்ளைகள் மரச்சீவலில் தற்செயலாக வைத்த நெருப்பில் பட்டறையும் வீடும் எரிந்தன. திரும்பக் கட்டினார். பொருளாதார மந்தத்தில் தளபாட வேலை படுத்துவிட, 1932ல் மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். 1934ல் 'லாய் கொட்', அதாவது 'நன்றாக விளையாடு' என்ற இரண்டு டெனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். 1942ல் தொழிற்சாலை எரிந்தது. அதையும் திரும்பக் கட்டினார்கள். 1960ல் மரச்சாமான் களஞ்சியம் எரிந்தபோதுதான் மரம் போதும் என்று விட்டுவிட்டுப் பிளாஸ்ரிக்கோடு நின்றார்கள். மூன்று நெருப்புக் கண்ட குடும்பம் என்பதாலோ என்னவோ, கழற்றித் திரும்பக் கட்டக்கூடிய ஒரு பொருள் அவர்கள் கையிலிருந்து வந்தது.

மேலே குமிழும் உள்ளே குழாயும் உள்ள இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கேட்டு ஒலே கிர்க்கின் மகன் கொட்பிரெட் விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28ம் திகதி. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மில்லிமீற்றர். கட்டையின் உயரம் 9.6. மெல்லிய தட்டு 3.2. மூன்று தட்டு ஒரு கட்டை. ஐந்து தட்டை அடுக்கிப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் சரியாக இரண்டு குமிழ் அகலம். இந்தக் கடைசிக் கணக்கில்தான் விசிறிகளின் வித்தை முழுவதும் இருக்கிறது. மேல்நோக்கி மட்டுமே அடுக்கப்பட வேண்டிய பொருளை அவர்கள் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் அடுக்கி, வளைவையும் சாய்வையும் எடுத்துவிடுகிறார்கள். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறை எத்தனை விதமாக இணைக்கலாம் என்று கொப்பன்கேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்குப் பார்த்தார். விடை 91,51,03,765. கம்பனி அதுவரை சொல்லி வந்த எண் பத்துக் கோடிச் சொச்சம். அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கும் உயரமான கோபுரங்களை மட்டும் எண்ணியிருந்தார்கள்.

பெட்டியில் வரும் கைநூலைப் பார்த்துக் கட்டுவது ஒரு வேலை. அதில் முதற் பக்கத்திலேயே முடிவு தெரியும். கைநூல் இல்லாமல் கட்டுவது வேறு. அங்கே கட்டுகிறவனுக்குத் தலைக்குள் ஒரு வடிவம் இருக்க வேண்டும், அது கையில் இருக்கும் துண்டுகளுக்கு அடங்க வேண்டும். விசிறிகளில் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் ஒட்டுவதில்லை, வெட்டுவதில்லை, வர்ணம் பூசுவதில்லை. உள்ளதைக் கொண்டு இல்லாததைக் கட்ட வேண்டும். அகதியாக வந்து குடித்தனம் தொடங்கிய எவருக்கும் இது புதிய கணக்கல்ல.

ரொறன்ரோவில் எக்கோ நிமாக்கோ என்ற கானா வழிவந்த கலைஞர் கறுப்புக் கட்டைகளால் மட்டும் கட்டுகிறார். பழைய கானா இராச்சியத்தின் கும்பி சாலே நகரம் கி.பி. 3020ல் எப்படி இருக்கும் என்று அவர் கட்டிய மாதிரி 2019ல் அங்குள்ள ஆகா கான் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அழிந்த நகரத்தைப் பழையபடி கட்டவில்லை அவர். அழியாமல் இருந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று கட்டினார். அன்டோராவில் முன்கை இல்லாமல் பிறந்த டேவிட் அகிலார் என்ற இளைஞன் 2017ல் ஒரு ஹெலிகொப்ரர் பெட்டியின் துண்டுகளை எடுத்துத் தனக்கு மடங்கி நீளும் ஒரு கை செய்துகொண்டான். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களைக் கண்ட எங்கள் ஆட்கள் அந்தப் படத்தை மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள். ஜெர்மன்காரர் யான் வோர்மான் 2007ல் இத்தாலியக் கிராமம் ஒன்றில் இடிந்த சுவர்களின் ஓட்டைகளை நிறநிறமான கட்டைகளால் அடைக்கத் தொடங்கினார். பிறகு பேர்லினில் இரண்டாம் உலக யுத்தக் குண்டுகள் தின்ற சுவர்களையும் அப்படி அடைத்தார். வழிப்போக்கர்களும் கூட நின்று அடைத்தார்கள். அடைத்த இடம் மறையவில்லை. சிவப்பும் மஞ்சளுமாக இன்னும் நன்றாகத் தெரிந்தது. சூடு பட்ட சுவர்களை வெள்ளையடித்து மறைத்துவிட அவசரப்படும் நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. எங்களில் ஒருவர் பிறந்த வீடு, மற்றவர் மாப்பிள்ளையாகப் போன வீடு. அம்மம்மாவின் சீதனமாக 1958ல் கட்டியது. நாங்கள் 1986ல் வெளிக்கிட்டு வந்தோம். 1990ல் ஊரே வெளிக்கிட்டது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம். 2015க்குப் பின் காணிகளைக் கட்டங் கட்டமாக விட்டபோது எங்கள் துண்டும் வெளியே வந்தது. 2018ல் மகனையும் கூட்டிக்கொண்டு போனோம். விறாந்தையின் அரைவாசி அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் இருந்தன. மிச்சம் எல்லாம் பற்றை. நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அவன் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். கிணறு குறுக்கே எட்டடி. விறாந்தை அகலம் ஏழடி. எழுதிக்கொண்டான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, நோய்க்காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, அவன் கேட்கத் தொடங்கினான். குசினிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? சாமியறைக்கு யன்னல் இருந்ததா? முற்றத்தில் இருந்து விறாந்தைக்கு எத்தனை படி? எங்களிடம் வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. கலியாணப் படத்தில் மணவறைக்குப் பின்னால் வாழை கட்டிய இரண்டு தூண் தெரியும், அவ்வளவுதான். அவன் ஒரு விதி வைத்தான்: ஒரு குமிழ் ஓர் அடி. எங்கள் ஊர் மேசன்மார் அடியில்தான் கட்டினார்கள், ஆகவே சரியாக வரும் என்றான்.

அளவு கேட்டால் ஞாபகம் வாயில் இல்லை, உடம்பில் இருந்தது. எங்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றடியிலிருந்து குடத்தோடு குசினிக்குப் போவதுபோல இந்த டெனிஷ் வீட்டின் இருப்பறையில் நடந்தார். பத்தாவது எட்டில் நின்று இடப்பக்கம் திரும்பினார். அங்கே எங்கள் ரீவி இருந்தது. அந்த வீட்டில் அது குசினி வாசல். மற்றவர் ஐந்தடி ஒன்பது அங்குலம். மாப்பிள்ளையாகப் போன முதற் கிழமையே குசினி நிலையில் நெற்றி இடிபட்டது. நெற்றியில் எந்த இடம் என்று மகன் கேட்டான், விரலால் தொட்டுக் காட்டச் சொன்னான். நிலையின் உயரம் பதினாலு தட்டு என்று முடிவாயிற்று.

மிச்சத்தை அம்மம்மா சொன்னா. கொக்குவிலில் மகளோடு இருக்கிறா. காலையில் என்ன சாப்பிட்டது என்பது மறந்துபோகும், 1958 மறக்கவில்லை. கள்ளிக்கோட்டை ஓடு இரண்டாயிரத்து நானூறு இறக்கினது, அதில் முப்பத்தெட்டு உடைஞ்சு வந்தது, மேசன் இரண்டு நாள் குடிச்சிட்டு வராமல் விட்டது, சாமியறைக்கு யன்னல் வேண்டாம் என்று மாமனார் சொல்லியும் தான் பிடிவாதமாக வைப்பித்தது. அந்த யன்னல் சங்கதி எங்கள் இருவருக்கும் புதிது. மகன் கேட்டிராவிட்டால் அது அவவோடு போயிருக்கும். ஞாபகத்தை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று மேடைகளில் பேசுகிறோம். யன்னல் எத்தனை என்று கேட்க எங்களுக்கு முப்பத்திச்சொச்சம் வருடம் தோன்றவில்லை. கட்ட வேண்டும் என்று இருந்தவனுக்குத்தான் தோன்றியது.

அடித்தளம் தொண்ணூற்றாறு குமிழுக்குத் தொண்ணூற்றாறு. மூன்று பரப்புச் சொச்சம் கொள்ளும், வளவின் மிச்சத்தை விட்டுவிட்டான். கிடுகு வேலிக்கு மண்ணிறத் தட்டுகளைப் பக்கவாட்டில் அடுக்கினான். செம்மண்ணுக்கு மூன்று நிறம் பார்த்து, கடும் செம்மஞ்சளில் நின்றான். அந்த நிறத் துண்டுகளைப் பழைய கட்டை விற்பவர்களிடமிருந்து சிறிது சிறிதாக வாங்கிச் சேர்க்கவே ஒரு வருடம் போயிற்று. துலாவுக்கு ஒரு நீண்ட பழுப்புத் தண்டு. அது உண்மையாகவே ஏறி இறங்கும்.

2023 இலையுதிர்காலத்தில் விசிறிகளின் கண்காட்சி ஒன்றில் அதை வைத்தான். ஒரு பக்கம் இரண்டு மீற்றர் நீளக் கப்பல், மறுபக்கம் சுற்றி ஓடும் ரயில். இடையில் எங்கள் வீடு. சனம் கப்பலடியில்தான் கூடியது, அது நியாயந்தான். ஒரு சின்னப் பெட்டை மட்டும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் ஆட்கள் ஒருவரும் இல்லை?" என்று டெனிஷில் கேட்டாள். "எல்லாரும் வெளியில போயிட்டினம்" என்று அவனும் டெனிஷில் சொன்னான். அவள் அதை ஒப்புக்கொண்டு ரயில் பார்க்கப் போனாள். நாங்கள் பின்னால் கதிரையில் இருந்தோம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அன்றிரவு ரெலிபோனில் அம்மம்மாவுக்குக் காட்டினோம். தங்கச்சி திரையைக் கிட்டப் பிடித்தா. அவ கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாளி எங்க?" என்றா. துலாவில் கயிறு இருந்தது, வாளி இல்லை. மகன் பெட்டியைக் கிளறி ஒரு சாம்பல் நிற வாளியைக் கொழுவினான். "ம்ம். இனித் தண்ணி அள்ளலாம்" என்றா.

விசிறிகளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. கட்டியதைக் கழற்றுவார்கள். துண்டு விலை கூடியது, இடமும் இல்லை, அடுத்ததைக் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் 2009ல் தொலைக்காட்சிக்காரர் ஜேம்ஸ் மே தொண்டர்களோடு சேர்ந்து முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டைகளால் ஆள் படுத்து எழும்பக்கூடிய ஒரு வீட்டையே கட்டினார். வாங்கிக்கொண்டு போக ஆள் கிடைக்காமல் அதையும் அதே வருடம் உடைத்தார்கள். தை மாதம் மகன் தானும் கழற்றப் போவதாகச் சொன்னான். நாங்கள் வேண்டாம் என்றோம். ஒரு வீடு இடிந்தது போதாதா என்று கேட்டோம். அவன் வாக்குவாதப்படவில்லை. படம் இருக்கிறது, ஒவ்வொரு துண்டின் கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன், அது இடிந்தது, இது கழற்றுவது, இரண்டும் ஒன்றல்ல என்றான்.

வழக்கு அம்மம்மாவிடம் போயிற்று. அவ எங்கள் பக்கம் நிற்பா என்றுதான் எண்ணினோம்.

"கழட்டட்டும். அவனுக்குத் திரும்பக் கட்டத் தெரியுந்தானே. எங்களுக்கு அது தெரியாமல்தானே இவ்வளவு காலமும் அழுதனாங்கள்" என்றா.

பிறகு நாங்களும் கூட இருந்து கழற்றினோம். கூரை, சுவர், படி என்று நிறம் பிரித்து ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டோம். ஒரு சனிக்கிழமை முழுக்கச் சென்றது. இப்போது அவன் யூலாந்துக் கிராமத்துத் தேவாலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு. ஓடு முழுவதும் எங்களுடையது.